நீலப் பென்சில்

"மாப்பிள்ளையோட அம்மா பனியன் கம்பெனியில அம்பது பேர மேய்க்கறவங்களாம். நாவல் படிப்பேன்னு வாயத் தொறந்து சொல்லீராத கண்ணு," என்றாள் அம்மா.

சாரதாமணி கையிலிருந்த நாவலை ஜன்னலில் வைத்தாள். வாடகை நூலகத்திலிருந்து இந்த மாதம் எடுத்த மூன்று நாவல்களிலும் மாமியார் ராட்சசி. ஒரே ஆறுதல், முன்னால் படித்த யாரோ ஓரங்களில் நீலப் பென்சிலால் எழுதியிருந்ததுதான். மருமகளைப் பட்டினி போடும் பக்கத்தில், 'அட கெரகமே! இவளும் ஒரு பொம்பளையா?' மருமகள் அழும் பக்கத்தில், 'அழுகாத கண்ணு. போடீன்னு சொல்லு.'

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா தெய்வாத்தாள் சிரிக்கவே இல்லை. ஜன்னலில் கிடந்த நாவல் வேறு அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"பக்கத்து ஊட்டுதுங்க," என்று அம்மா பதறினாள்.

தெய்வாத்தாள் அதை எடுத்துப் புரட்டினாள். "அட கெரகமே! இதையா படிக்கறே?"

சாரதாமணி சட்டென்று நிமிர்ந்தாள். தெய்வாத்தாளின் கொண்டையில், கம்பெனியில் துணிக்கட்டுக்கு நம்பர் போடும் நீலப் பென்சில் செருகியபடியே இருந்தது.

"ஆமாங்க."

"இப்படி ஒரு மாமியா வாய்ச்சா என்ன பண்ணுவே?"

சாரதாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"போடீன்னு சொல்லீருவேனுங்க அத்தை."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். தெய்வாத்தாள் சிரித்த சிரிப்பில் கொண்டைப் பென்சில் கீழே விழுந்தது.