சுண்ணாம்புக் கோடு

இரண்டு மாட்டுக் கொட்டகைகளுக்கும் நடுவே இருந்த கேட்டைப் பெரியவள் பூட்டிவிட்டாள். பூட்டியதோடு விட்டாளா? கேட்டை ஒட்டி, கோடு கிழித்தமாதிரி சுண்ணாம்புப் பொடி வேறு.

"இந்தப் பக்கம் வராதே! அங்கேயே நில்லு!" கத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். தண்ணீர்க் குழாய்க்காகப் போன வாரம் நாலு வார்த்தை தடித்தது உண்மைதான். அதற்காக இப்படியா?

போன் அடித்தது. பெரியவள்தான். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. கட் பண்ணினாள்.

"என்னதான் சொல்றாங்கன்னு கேளேன்" என்றான் கணவன்.

"உங்க அண்ணிக்குப் பரிஞ்சுக்கிட்டு வராதீங்க!"

மத்தியானம் மாட்டு டாக்டர் வந்து நின்றார்.

"கோமாரி நோய் வந்திருக்கும்மா. உங்க மாட்டைப் பார்க்கணும். பக்கத்து வீட்டம்மா போன் பண்ணினாங்க."

சின்னவள் மாட்டிடம் ஓடினாள். இருப்பது ஒரே மாடு, அதுவும் நிறைமாதச் சினை. அதை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. கலக்கத்தோடு ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. டாக்டர்வரைக்கும் போய் வத்தி வைத்திருக்கிறாளே!

டாக்டர் மாட்டின் வாயைத் திறந்து நாக்கையும் ஈறையும் பார்த்தார். குனிந்து குளம்பிடுக்குகளைப் பார்த்தார். காய்ச்சல் பார்த்தார்.

"கொப்புளம் இல்லை. காய்ச்சலும் இல்லை. நல்லா இருக்கு. கொஞ்ச நாள் வெளியே மட்டும் விடாதீங்க."

அப்பாடா! மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள். கண்ணைத் துடைத்த கையோடு குரல் உயர்ந்தது.

"உரக்கச் சொல்லுங்க டாக்டர், அந்த மகராசி காதுல விழட்டும்! என் மாட்டுக்கு நோய்னு புகார் பண்ணினாளே!"

"புகாரா?" டாக்டர் நிமிர்ந்தார். "நோய் வந்ததே அவங்க மாட்டுக்குத்தாம்மா. அந்தக் கிருமி கையில, கால்ல, துணியில ஒட்டிக்கிட்டு அடுத்த கொட்டகைக்குப் போயிடும். அங்க போயிட்டு நான் இங்க கால் வைக்க முடியாது. 'என் மாடு வலியில கத்தினாலும் பரவாயில்ல, முதல்ல என் தங்கச்சி மாட்டைப் பாருங்க, அது சினையா இருக்கு'ன்னாங்க. பயப்படாதீங்க, கவனிச்சா அவங்க மாடும் தேறிடும். காலையிலேருந்து காத்துக்கிட்டிருக்காங்க. இனிமேதான் அங்க போறேன்."