மைனஸ் ஏழேகால்

கண் மருத்துவமனையில் விழித்திரை ஸ்கேன் எடுப்பவருக்கு ஒரு வழக்கம். முதல் நோயாளி வருமுன், தாடை வைக்கும் இடம் காலியாக இருக்கும்போதே மெஷினின் பொத்தானை அமுக்கிப் பார்ப்பார். எந்தக் கண் வந்தாலும் அதன் பவருக்குத் தக்கபடி லென்ஸ் நகர்ந்து ஒளியைக் குவிக்கும். கண்ணே இல்லையென்றால் கொஞ்சம் தேடிவிட்டு, 'கண் இல்லை' என்று திரையில் எழுதி ஓய்ந்துவிடும்.

மூன்று நாளாக அது ஓயவில்லை. தேடிப்போய் ஒரே இடத்தில் நின்றது: வலது கண், மைனஸ் ஏழேகால்.

மெக்கானிக் வந்து கழற்றித் துடைத்து மாட்டினார். "மெஷின் மேல ஒரு குத்தமும் இல்ல சார். எதிர்ல ஆள் இருந்தாத்தான் இப்படி நிக்கும்."

"சரிங்க, நான் பாத்துக்கறேன்" என்றார் ஸ்கேன்காரர். அதே பவரில் ஒரு மூக்குக்கண்ணாடி, மனைவி இறந்த நாளிலிருந்து வீட்டு அலமாரியில் கிடப்பதை அவர் சொல்லவில்லை.

மெக்கானிக் போனதும் கதவைச் சாத்தினார். காலி நாற்காலியைப் பார்த்து, "மூணு எண்ணுற வரைக்கும் சிமிட்டாத" என்றார். பொத்தானை அமுக்கி எண்ணினார்: "ஒண்ணு... ரெண்டு..."

'கண் சிமிட்டிவிட்டது. மீண்டும் எடுக்கவும்' என்றது திரை.

"உனக்கு எப்பவும் இதே வேலையாப் போச்சு" என்று சலித்துக்கொண்டே, அவர் மறுபடி பொத்தானை அமுக்கினார்.