வயிற்று வார்

செத்த குதிரையின் வேர்வை சேணத்தின் தோலில் இருக்கும்வரை அதை வேறு குதிரை தாங்காது என்பது ஏரிக்கரைக் குதிரைக்காரர்களின் நம்பிக்கை. கறுப்பன் செத்த ஒன்பதாவது நாளும் சூசை அதன் சேணத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். வார்களைத் தனித்தனியாகக் கழற்றி, ஈரத்துணியில் சோப்பு போட்டுத் துடைத்து, தையலுக்குள் உறைந்திருந்த உப்பை ஊசியால் நெம்பி எடுத்தான். நிழலில் உலர்த்தி எண்ணெய் பூசினான். ஒவ்வொரு சாயங்காலமும் புதுக் குதிரையிடம் கொண்டுபோனான். அது காதைப் பின்னால் மடக்கி, லாயத்துச் சுவரோடு ஒட்டி நின்று நடுங்கியது. நாளைக்குச் சுற்றுலா சீசன் தொடங்குகிறது, சவாரிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள்.

"ஏங்க, இன்னும் தேச்சா தோலு பிஞ்சிரும்," என்றாள் அவன் மனைவி பிலோமி. "அதுல இப்ப ஒரு வாடையும் இல்ல."

"இருக்கு. வயித்து வார்ல இருக்கு. கறுப்பனுக்கு அன்னைக்கு அங்கதான் வேர்த்துக் கொட்டுச்சு."

அன்றைக்கு நொண்டிக்கொண்டிருந்த கறுப்பனை, இன்னும் ஒரே ஒரு சுற்று என்று சவுக்கால் அடித்து மேட்டில் ஏற்றியவன் அவன்தான். பாதி மேட்டில் அது விழுந்தது.

பிலோமி சேணத்தை வாங்கிக்கொண்டு போய்ப் புதுக் குதிரையின் முதுகில் வைத்தாள். வயிற்று வாரை இழுத்துக் கட்டினாள். அது அசையாமல் நின்று புல்லை மென்றது.

சூசை வெறுங்கையை நீட்டியபடி ஓரடி எடுத்து வைத்தான். அது காதை மடக்கியது.

அவன் திரும்பிப் போய் வாளிக்கு முன்னால் உட்கார்ந்தான். உள்ளங்கை ரேகைகளில் சோப்பைத் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே இருந்தான். பிறகு ஊசியை எடுத்தான்.