ஆடி மாசத்து ஜெர்மனி

ஸ்வெட்டரின் கழுத்தை மேலே இழுத்துவிட்டு, வெள்ளைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த பிறகுதான் முத்துப்பிரியா அம்மாவின் வீடியோ அழைப்பை எடுத்தாள். சன்னல் கண்ணாடி முழுக்கப் பனி அப்பியிருந்தது. அவளோடு ஜெர்மனியில் படிக்கும் லீனா, ஈரமான காலுறைகளைப் பிழிந்து கயிற்றில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

போடி மலையடிவாரத்துச் சிலமலை வீட்டிலிருந்து அம்மா பொன்னுமணியின் முகம் திரை முழுக்க வந்து நின்றது. போனை எத்தனை முறை தள்ளிப் பிடிக்கச் சொன்னாலும், அவளுக்கு நெற்றியில் தொடங்கி மூக்குத்தியோடு முடித்துத்தான் பழக்கம்.

"என்னாத்தா, உதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு? ரொம்பக் குளிருதோ?"

"நடுங்குதும்மா. வெளிய தல காட்ட முடியல."

"ஆடி மாசம் அங்க வெயில் கொளுத்தும், எல்லாரும் ஏரியில போய் விழுந்து கெடப்பாங்கன்னு போன வருசம் சொன்ன?"

முத்துப்பிரியா லீனாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இந்த வருடம் பருவநிலையே சரியில்லை, உலகம் பூராவும் அப்படித்தான் என்று உயிரியல் படித்தவளுக்குரிய தோரணையில் விளக்கம் சொன்னாள். அம்மாவும் பெரிய விஷயத்தைக் கேட்டுக்கொண்டவள்போலத் தலையை ஆட்டினாள்.

மேற்படிப்புக்கு அவள் ஜெர்மனி போய் இது இரண்டாவது வருடம். பூவுக்குப் பூ மகரந்தம் சுமக்கிற தேனீக்கள்தான் அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி. அதற்காகப் பேராசிரியை அவளையும் லீனாவையும் காட்டோரமாகச் சில மாதம் தங்கி வேலை பார்த்து வரச் சொல்லியிருந்தார். விடிந்ததும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போய்ப் பூத்த செடி முன்னால் குத்தவைக்க வேண்டும். தேனீ வந்தால் கவனிக்க வேண்டும், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று யோசிக்க வேண்டும்.

இதை முதலில் கேட்டபோது பொன்னுமணி மோவாயில் கை வைத்துக்கொண்டாள். நம்ம மலையில் இல்லாத தேனீயா, அதைப் பார்க்கவா பிளேன் ஏறிப் போகணும் என்று அன்றைக்கெல்லாம் அப்பா திருப்பதியிடம் புலம்பித் தீர்த்தாளாம்.

ஊருக்கு எப்போது வருவாய் என்ற கேள்வி மட்டும் எந்த அழைப்பிலும் தவறாது. படிப்பு முடியட்டும் என்ற பதிலும் தவறாது. எல்லாவற்றுக்கும் காரணம் போன சித்திரையில் எடுத்த லீவுதான்.

மதுரையில் விமானம் இறங்கி வீடு வந்த மறுநாள், அவள் பல் விளக்கிக்கொண்டிருந்தபோதே தாய்மாமன் பேச்சிமுத்து குடும்பத்தோடு வந்து இறங்கினார். மகன் பிரதீப் புதுச் சட்டையில் விலைச்சீட்டைக் கிழிக்க மறந்து நின்றான். பூ வைத்து அனுப்புவோம் என்று மாமா சொல்ல, அம்மா வெற்றிலைத் தட்டை எடுத்துவிட்டாள். முத்துப்பிரியா அழுது ரகளை செய்துதான் அன்றைக்குத் தப்பினாள். பட்டம் வாங்காமல் அந்த வீட்டுக்குள் கால் வைப்பதில்லை என்று விமானத்தில் உட்கார்ந்து முடிவெடுத்தாள்.

எடுத்த முடிவு இப்போது கொஞ்ச நாளாக அவளையே உறுத்திக்கொண்டிருந்தது. அதிலும் அம்மா இப்படி மூக்குத்தியைக் காட்டிக்கொண்டு பேசும்போது அதிகமாக உறுத்தியது.

"இங்க வெளக்கு வைக்கிற நேரம். உனக்கு மத்தியானந்தான? அங்கயும் இருட்டிக் கெடக்கு?"

"மழை மூட்டம்மா."

அப்படியானால் சன்னலைத் திறந்து அந்த ஊர் மழையைக் கொஞ்சம் காட்டச் சொன்னாள் பொன்னுமணி. திறந்தால் குளிர்காற்று உள்ளே வந்துவிடும் என்றாள் மகள். வேண்டாம், வேண்டாம் என்று அம்மா உடனே விட்டுவிட்டாள். லீனாவைக் கூப்பிட்டுப் பார்த்து, பாவம் அந்தப் பிள்ளை இளைத்துப் போய்விட்டதே என்று கவலைப்பட்டாள்.

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, நேற்று மாமா வந்திருந்த கதையை எடுத்தாள். தை மாதத்துக்கு நாள் பார்க்கலாமா என்று கேட்டாராம்.

"நீ என்னம்மா சொன்ன?"

"பிரதீப்புக்கு வேற எடம் பாருங்கண்ணேன்னு சொல்லிட்டேன். அண்ணனுக்கு மொகம் சுருங்கிப் போச்சு. காப்பியக்கூடத் தொடாம எந்திரிச்சுப் போயிட்டாரு."

அண்ணன் சொன்னதற்கு அம்மா மறுத்து ஒரு வார்த்தை பேசி முத்துப்பிரியா பார்த்ததே கிடையாது.

"உனக்கு வருத்தமா இல்லையாம்மா?"

"இல்லாம இருக்குமா? ஆனா, பெத்த வீட்டுக்கு வர ஒரு புள்ள பயந்துக்கிட்டுக் கெடக்கக் கூடாதுல்ல. நீ படி. ஒனக்கா எப்பத் தோணுதோ அப்பப் பேசுவோம்."

திரையில் தெரிந்த அம்மாவின் கண் கலங்கியிருந்ததா, போன்தான் ஆடியதா என்று தெரியவில்லை. இதற்கு மேலும் மறைத்தால் தான் மனுஷியே இல்லை என்று முத்துப்பிரியாவுக்குத் தோன்றியது. என்ன திட்டு விழுந்தாலும் விழட்டும்.

"அம்மா, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"அதெல்லாம் பெறகு சொல்லலாம். ஏலத்தோட்டத்துக்கு ஆளு ஏத்துற நம்மூரு பால்ராஜ் ஜீப்பு இந்நேரம் போடிமெட்டு ஏறியிருக்கும். கோழிக்கொழம்பு குடுத்து விட்டிருக்கேன், ஆறிப்போறதுக்குள்ள ரெண்டு பேரும் தோட்டத்துக் கேட்டுல போய் வெரசா வாங்கிக்கங்க."