பாதி ஊசி

"பக்கத்துப் படுக்கைக்காரருக்கு முழு ஊசி, என் தம்பிக்கு மட்டும் பாதியா? இது எந்த ஊர் நியாயம்?"

மனைவி போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. கண்டக்டருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அவள் கேட்பதில் என்ன தப்பு? மச்சினனுக்குத் தொடை எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டில் கம்பியைப் பிடித்தபடி கிடக்கிறான்.

"இப்போதைக்கு மார்ஃபின் இவ்வளவுதாம்மா. வேற வலி மருந்தும் போட்டிருக்கேன்," என்றாள் நர்ஸ்.

"ஏன், அது என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா? கொடுத்தா குறைஞ்சிடுமா?"

நர்ஸ் மச்சினனின் மார்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவனுக்கு லேசாகக் கண் செருகியதுதான் தாமதம், தோளைத் தட்டி எழுப்பினாள்.

"தம்பி, கண்ணைத் திறங்க. நல்லா இழுத்து மூச்சு விடுங்க."

"பாத்தீங்களா இந்தக் கூத்தை? வலியையும் போக்க மாட்டா, கொஞ்சம் அசந்தாலும் எழுப்பி விட்டுடுவா. கல்நெஞ்சுக்காரி."

கண்டக்டருக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. மாட்டுக்குக்கூட இப்படிச் செய்ய மாட்டார்களே.

மனைவி விடுவதாக இல்லை.

"வீட்டுல யாருக்காவது ஆபரேஷன் ஆயிருக்கான்னு சேர்க்கும்போதே இவ கேட்டா. எல்லாத்தையும் சொன்னேனே. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் கொஞ்சமா போட்டுட்டு நழுவப் பாத்தாங்க. நான் விட்டேனா? சண்டை போட்டு இன்னொரு ஊசி போட வச்சேன். மனுஷன் என்னமா குறட்டை விட்டுத் தூங்கினார். குறட்டை நின்னதும், அசந்து தூங்குறார்னு விளக்கைக்கூட நான்தான் அணைச்சேன். தூக்கத்துலயே போயிட்டார், புண்ணியவான். கடைசி நேரத்துல வலி தெரியாம அனுப்பி வச்சேங்கிற நிம்மதியாவது எனக்கு இருக்கு. இவ என் தம்பியை இப்படி வதைக்கிறாளே."

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும் என்று கண்டக்டர் நினைத்துக்கொண்டார்.

"நீங்களும் மரம் மாதிரி நிக்கிறீங்களே. போய் டாக்டர்கிட்ட கேளுங்க."

நாள் முழுக்கப் பஸ்ஸில் திட்டு வாங்கியே பழகிய மனுஷன் அவர். திட்டிப் பழக்கமில்லை. இன்றைக்கு என்னவோ ஆவேசம் வந்துவிட்டது. டாக்டர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். மச்சினன் பக்கத்தில் இன்னொரு நர்ஸை நிற்க வைத்துவிட்டு இவளும் பின்னாலேயே வந்தாள்.

"டாக்டர், முதல்ல இந்தம்மாவை வேற வார்டுக்கு மாத்துங்க. ஈவு இரக்கமே இல்ல."

"உட்காருங்க," என்றார் டாக்டர். "அளவைக் குறைச்சது இவங்க இல்ல, நான். உங்க மாமனார் கதையை இவங்க வந்து சொன்னதும் குறைச்சேன்."

"அவர் தூக்கத்துல போனார். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அது தூக்கம்னு எனக்குத் தோணல. சில பேருக்குப் பரம்பரையா வர்ற உடல்வாகு அப்படி. அடுத்தவங்களுக்கு வலியை மட்டும் அடக்குற அளவு, இவங்களுக்கு மூச்சையும் சேர்த்து அடக்கிடும். உங்க மச்சினனுக்குக் காலையில கொஞ்சமா போட்டதுக்கே மூச்சு இறங்கிடுச்சு. இவங்க கூடவே நின்னு தட்டித் தட்டி மூச்சு விட வச்சாங்க. உங்க மனைவிக்கும் அதே வாகு இருக்கலாம். அவங்களுக்கு எங்க ஆபரேஷன் செஞ்சாலும் முதல்ல இதைச் சொல்லிடுங்க."

கொண்டுவந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பதென்று கண்டக்டருக்குத் தெரியவில்லை. கடைசியில் நர்ஸ் மேலேயே இறக்கினார்.

"இதை அங்கேயே சொல்லித் தொலைச்சிருக்கலாமேம்மா? செய்யாத தப்புக்கு நாலு பேர் பாக்க எதுக்கு அவ்வளவு திட்டும் வாங்கணும்?"

நர்ஸ் கதவை மெல்லச் சாத்தினாள்.

"என்னைத் திட்டுற கோபம் தம்பி எழுந்து நடந்தா ஆறிடும் சார். அப்பாவுக்கு அந்த இன்னொரு ஊசியைக் கேட்டு வாங்கினது யாருன்னு யோசிக்க ஆரம்பிச்சாங்கன்னா, தன்னைத்தானே திட்டிக்கிறது ஆயுசுக்கும் ஆறாது."