கேலிப்பின் கோப்பை

"அவனை யாரு உள்ள விட்டது?"

ஹோரஸ் டாலிவர் முள்கரண்டியைத் தட்டில் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹோட்டல் ஹாலின் கோடியில், கதவை ஒட்டி, நீல் பர்டெட் நின்றுகொண்டிருந்தான். கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் காயம்பட்டவர்களைக் கவனிக்கிறவன். இவன் ஆடலாம், இவன் இன்றைக்கு உட்காரட்டும் என்று சொல்ல வேண்டியவன். அக்டோபர் வரைக்கும்.

அக்டோபரில்தான் ஹோரஸின் மகன் கேலிப் ஆட்டத்தில் விழுந்தான். எதிரணிக்காரன் மோதியதில் விழுந்தவன், எழுந்து நாலு எட்டு வைத்தான். மறுபடி விழுந்தான். அப்புறம் எழவே இல்லை. முந்தின ஆட்டத்திலேயே மண்டைக்குள் அடிபட்டிருக்கிறது, அதோடு ஆட விட்டிருக்கிறார்கள் என்றார் டாக்டர். கல்லூரி பர்டெட்டை வேலையை விட்டு அனுப்பியது.

இன்று அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கு மதிய விருந்து. பாதி சீசன்தான் ஆடினான் என்றாலும் கேலிப்புக்கும் ஒரு கோப்பை. வாங்கிக்கொள்ள அப்பா ஹோரஸும் அம்மா வெர்னாவும் வந்திருந்தார்கள்.

"விடு ஹோரஸ். வந்த வேலையைப் பார்த்துட்டுப் போயிடலாம்" என்றாள் வெர்னா.

"எப்படி விடறது? என் பிள்ளையைக் கொன்னுட்டு, இப்ப கைதட்ட வந்திருக்கான் பாரு!"

பக்கத்திலிருந்தவர் குனிந்து சொன்னார்: "இப்ப டயர் கடையில வேலை பார்க்கறானாம். அதுவே அவனுக்கு அதிகம்."

வெர்னா தட்டிலிருந்த கோழித் துண்டை அப்படியும் இப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தாள். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

மேடையில் பெயர் கூப்பிட்டார்கள். திரையில் கேலிப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினான். இரண்டு பேர் பிடித்து இழுத்தும் நிற்காமல் ஓடினான். ஹால் மொத்தமும் எழுந்து நின்றது.

கோச் கிராஸ் மைக்கைப் பிடித்தார்.

"இருபது வருஷமா கோச்சா இருக்கேன். இப்படி ஒருத்தனைப் பார்த்ததில்லை. அவனுக்கு வலின்னா என்னன்னே தெரியாது!"

கைதட்டல் நிற்கவே இல்லை. வெர்னா கோப்பையை வாங்கிக்கொண்டாள். கோச் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஹோரஸ் மேடையை விட்டு இறங்கியவர் மேஜைக்குத் திரும்பவில்லை. நேராகக் கதவை நோக்கி நடந்தார். வெர்னா கோப்பையோடு பின்னால் ஓடினாள்.

"எதுக்குடா வந்தே?"

"மிஸ்டர் டாலிவர்... கேலிப்புக்கு மரியாதை பண்றாங்கன்னு கேள்விப்பட்டேன். ஓரமா நின்னு பார்த்துட்டுப் போயிடறேன் சார்."

ஹோரஸ் அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார். யாரும் தடுக்க வரவில்லை.

"உனக்குச் சந்தேகமே வரலியா? தலையில அடிபட்டவன் மாதிரி நடக்கறான்னு தெரியலியா?"

"வந்தது சார்."

"அப்புறம்?"

"கேலிப்கிட்ட கேட்டேன். ஒண்ணும் இல்லைன்னான்."

"ஆட ஆசைப்படற பையன் வேற என்னடா சொல்லுவான்? எங்களுக்கு ஒரு ஃபோன் பண்ணிக் கேட்டிருக்கலாம்ல? தலை வலிக்குதுன்னு வீட்டுல ஏதாவது சொன்னானான்னு? ஒரே ஒரு ஃபோன்! என் பிள்ளை இன்னிக்கு உயிரோட இருந்திருப்பான்!"

பர்டெட் பதில் சொல்ல வாயைத் திறந்தான். ஹோரஸின் தோளுக்குப் பின்னால் நின்ற வெர்னாவைப் பார்த்தான். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

பர்டெட் கண்களைத் தாழ்த்திக்கொண்டான்.

"பண்ணலை சார். பண்ணியிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

ஹோரஸ் அவன் முகத்தில் காறித் துப்பினார்.

ஹாலில் யாரோ "அப்படித்தான்!" என்றார்கள். பர்டெட் சட்டைக் கையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டான். வெர்னாவுக்கு லேசாகத் தலையசைத்துவிட்டு வெளியே போனான்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் ஹோரஸ்தான் பேசிக்கொண்டே வந்தார்.

"பார்த்தியா, அவன் வாயாலேயே ஒத்துக்கிட்டான். நாலு பேர் முன்னாடி சொல்ல வச்சேன்ல? இனிமே இந்த ஊர்ல எவனும் அவன் முகத்துல முழிக்க மாட்டான்."

"வண்டியை நிறுத்து ஹோரஸ்."

"என்ன, வாந்தி வருதா?"

பருத்திக்காட்டு ஓரமாக வண்டியை ஒதுக்கினார். வெர்னா இறங்கவில்லை. மடியில் கோப்பையை வைத்துக்கொண்டு முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் ஃபோன் பண்ணினான்."

"யாரு?"

"பர்டெட். ஆட்டத்தன்னிக்குக் காலையில. நீ வேலைக்குப் போயிருந்தே. 'தலை வலிக்குதுன்னு கேலிப் உங்ககிட்ட ஏதாவது சொன்னானா மேடம்? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். கோச் என்ன கத்தினாலும் சரி, அவனை உட்கார வச்சுடறேன்'னான்."

ஹோரஸுக்குப் புரியவில்லை. "உன்கிட்ட சொல்லலியே கேலிப்? சொன்னானா என்ன?"

"அந்த வாரம் பூரா சொல்லிட்டிருந்தான். வெளிச்சத்தைப் பார்க்க முடியலம்மான்னு அழுதான்."

"வெர்னா..."

"பெரிய டீம்காரங்க அவனை எடுத்துக்கலாமான்னு பார்க்க வர்ற நாள் ஹோரஸ் அது. அந்த ஒரு நாளுக்காகத்தானே நாம இத்தனை வருஷம்..."

"நீ பர்டெட்கிட்ட என்ன சொன்னே?"

வெர்னா கோப்பையை இறுக்கிக்கொண்டாள்.

"'என் பிள்ளைக்கு வலின்னா என்னன்னே தெரியாது'ன்னேன்."