திரும்பி வர்றவன்

நானும் கணவரின் தம்பி கோலினும் நடத்தும் கார்ப்பெட் கழுவும் தொழிலுக்கு, வேனில் பொருத்தும் இயந்திரம் தேவைப்பட்டது. சிறியதும் பெரியதுமாக இரண்டைக் காட்ட, விற்பனையாளர் டிரென்ட், பெண்டிகோ நகரிலுள்ள எங்கள் வீட்டுக்கே வந்தார்.

நான் தேநீர்த் தட்டோடு கூடத்துக்கு வருவதற்குள், கோலின் சிறியதின் குழாயை, கார்ப்பெட்டில் இருந்த ஜன்னலோரக் கறைமீது ஓட்டி முடித்திருந்தார். கறை போயிருந்தது.

"திரும்பி வருமா?" என்றேன்.

"வரவே வராது ரோஸ்லின், கவலையை விடுங்க," என்றார் டிரென்ட்.

"நம்பாத ரோஸ்," என்று கோலின் சிரித்தார். "ஈரம் காயட்டும். காலையில திரும்பி வர்றவன் வந்து நிப்பான்."

அடியில் ஊறிய கறை, காயும்போது மேலேறி மறுபடி தெரிவதற்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர். அவன் தலைகாட்டிய வீட்டில் மறுபடி எங்களைக் கூப்பிடமாட்டார்கள்.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் போய்ப் பார்த்தேன். வந்திருந்தான்.

எட்டு மணிக்கு டிரென்டோடு வந்த கோலினும் பார்த்தார். "சொன்னேன்ல? தம்பி டிரென்ட், இந்தப் பொம்மையை எடுத்து வை. பெரிசை ஓட்டு, அடியோட உறிஞ்சிடட்டும்."

வெளியே வேன் உறுமத் தொடங்கியது. நான் கறையின் மேல் ஏறி நின்றுகொண்டேன்.

"பெரிசையே வாங்கிக்கலாம். இங்க மட்டும் ஓட்ட வேண்டாம்."

"நகரு ரோஸ். தேத்தண்ணிக் கறைமேல அவ்வளவு பாசமா?"

கேட்ட பிறகுதான் கோலினின் முகம் மாறியது. அவரே வெளியே போய் இயந்திரத்தை நிறுத்தினார்.

ஒன்பது மாதங்களுக்கு முன், அந்த ஜன்னலோர நாற்காலியில் என் கணவர் நெவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடைசியாகச் சாய்ந்தபோது, அவர் கையிலிருந்த கோப்பை விழுந்த இடம் அது.